எடுக்கக் கூடாதவை

வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாத ஒருவரிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்? ‘இருப்பதை எல்லாம்’ என்று பதில் சொன்ன காலங்கள் உண்டு. நிலத்தையும் மாட்டையும் வீட்டையும் எடுத்தது போக, கடன்பட்டவரின் உடலையும் அவருடைய பிள்ளைகளின் உடலையும் எழுதி வாங்கிக்கொண்ட காலங்கள் அவை. கடனுக்காக மனிதரைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறையை ஒழிக்க இந்தியாவில் 1976-இல்தான் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு இன்னும் ஐம்பது வயதுதான். கேள்வியோ மிகப் பழையது.

பெண்கள் இந்தக் கேள்வியைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. எடுக்கத்தக்க பொருள், எடுக்கக் கூடாத பொருள், எடுப்பதை வாசலில் நின்று பார்ப்பவள் என்று மூன்று இடங்களிலும் பெண் இருந்திருக்கிறாள். எடுக்கும் இடத்தில், அதாவது கடன் கொடுத்தவளாக, அவளை நாம் அதிகம் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் சட்டம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றித் தரும்படி மனுச் செய்த பிறகு, நீதிமன்றம் எதையெல்லாம் ஜப்தி செய்யலாம் என்று சொல்லும் பிரிவு. நிலம், வீடு, சரக்கு, ரொக்கம், காசோலை, பங்கு, பிறரிடமிருந்து வரவேண்டிய பணம் என்று விற்கத்தக்க எல்லாவற்றையும் அது முதலில் அடுக்கிவிடுகிறது. அடுத்து ‘ஆனால்’ என்று தொடங்கி, தொடக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. கடனாளி, அவருடைய மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்குத் தேவையான உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றித் தரக் கூடாத நகை. கைவினைஞரின் கருவிகள். உழவர் என்றால் அவருடைய உழவுக் கருவிகளும், பிழைப்புக்குத் தேவையான மாடும் விதைநெல்லும். உழவரோ கூலித்தொழிலாளியோ வீட்டுவேலை செய்பவரோ தாம் குடியிருக்கும் சொந்த வீடு. கூலித்தொழிலாளி, வீட்டுவேலை செய்பவர் ஆகியோரின் கூலி. வருங்கால வைப்புநிதி, ஆயுள் காப்பீடு, ஒருவருக்கு இனிமேல் வரவிருக்கும் ஜீவனாம்சம். இப்படிப் போகிறது அந்தப் பட்டியல்.

வறண்ட சட்டமொழியில் எழுதப்பட்டிருந்தாலும் இது ஒரு தத்துவப் பட்டியல் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதரிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? எது போனால் அவர் மனிதராக நிற்க முடியாது? உடுக்க ஒரு துணி, பொங்க ஒரு பானை, படுக்க ஒரு பாய், உழைக்க ஒரு கருவி, விதைக்க ஒரு கைப்பிடி நெல் என்கிறது சட்டம். இதற்குள் கைவைக்காதே, நாளைக்கு எழுந்து நடக்க இது வேண்டும் என்கிறது.

இதைவிட முக்கியமான ஒரு வரி, பின்னாளில் 1-ஏ என்ற உட்பிரிவாகச் சேர்ந்தது. இந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று ஒருவர் தாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. பானையை எடுத்துக்கொள் என்று எழுதித் தரும் உரிமை பானைக்காரிக்கே கிடையாது. தனிமனிதரின் சம்மதத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒப்பந்தச் சட்டத்தின் காலத்தில், சம்மதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று சொன்ன வரி இது. பசியோடு இருப்பவர் போடும் கையெழுத்தில் எவ்வளவு சம்மதம் இருக்கும் என்பதைச் சட்டம் ஓரிடத்திலாவது யோசித்திருக்கிறது.

பெண்ணுக்கென்று இன்னொரு விலக்கும் உண்டு. பணக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்து உரிமையியல் சிறையில் அடைக்க நீதிமன்றம் உத்தரவிடக் கூடாது என்று 56ஆம் பிரிவு சொல்கிறது. ஆணைப் பொறுத்தவரை அந்த வாசல் முழுதாக மூடவில்லை. கொடுக்க வசதி இருந்தும் கொடுக்காமல் ஏய்ப்பவரை அடைக்கலாம். வெறும் ஏழ்மைக்காக ஒருவரைச் சிறையில் போடுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு விரோதம் என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். தர மனமில்லாதவரும் தர வழியில்லாதவரும் ஒன்றல்ல என்ற வேறுபாடு அந்தத் தீர்ப்பின் உயிர்.

இதுவரை படிக்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. இனி அந்தப் பட்டியலைப் பெண்ணின் கண்ணால் ஒருமுறை மெதுவாகப் படிப்போம்.

‘கடனாளி, அவருடைய மனைவி, பிள்ளைகள்.’ அந்த ஒரு சொல்லில் கடனாளி ஆண் என்று முடிவாகிவிடுகிறது. சட்டத்தில் ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று பொது விதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் மனைவி என்ற சொல்லைக் கணவன் என்று எந்த விதியால் படிப்பது? 1908-இல் இதை எழுதியவர்களின் மனத்தில், தன் பெயரில் கடன் வாங்கித் தன் பெயரில் வழக்கை எதிர்கொள்ளும் பெண் இல்லை. அவர்கள் கண்ட பெண், கடனாளியின் பின்னால் பாத்திரம் படுக்கைகளோடு நிற்பவள். அதனால் ஆணின் வாழ்வாதாரமாகக் கலப்பையும் உளியும் பட்டியலில் வந்தன. பெண்ணுக்கு அடுப்படி வந்தது. இட்லிக் கடை நடத்துகிற பெண்ணின் கிரைண்டர் சமையல் பாத்திரமா, தொழிற்கருவியா, இரண்டிலும் சேராத வெறும் சொத்தா? வீட்டில் சமைத்தால் பாத்திரம், விற்பதற்குச் சமைத்தால் சரக்கு என்று ஒருவர் வாதாடினால் என்ன பதில் சொல்வது? இத்தனைக்கும் அந்தக் கிரைண்டரை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பும் எரிகிறது.

அடுத்தது தாலி. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றித் தரக் கூடாத நகை என்று சட்டம் சுற்றி வளைத்துச் சொல்வது, நம் ஊரில் பெரும்பாலும் தாலியைத்தான். அதை ஜப்தி செய்ய முடியாது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எந்தக் காரணத்துக்காக முடியாது என்று பாருங்கள். அது அவளுடைய கடைசிப் பொன் என்பதற்காக அந்தப் பாதுகாப்பு தரப்படவில்லை. அவள் ஒருவனுடைய மனைவி என்பதற்கான அடையாளம் அது என்பதற்காகத் தரப்பட்டிருக்கிறது. கணவனை இழந்தவளின் கழுத்தில் காக்கப்படத் தாலி இல்லை. அவளிடம் மிஞ்சியிருக்கும் ஒற்றைச் சங்கிலி வெறும் தங்கம். திருமணம் செய்துகொள்ளாதவளின் காதுத் தோடும் அப்படியே. சுயமரியாதைத் திருமணத்தை 1967-இல் சட்டப்படி ஏற்ற மாநிலம் நம்முடையது. மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ மணந்துகொண்டு, தாலியே கட்டிக்கொள்ளாமல் வாழும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய நகை எந்த வழக்கத்தின் நிழலில் ஒதுங்கும்? பொருளைக் காக்கும் சட்டம் அந்தப் பொருளை வைத்திருப்பவளைக் காப்பதில்லை. அவளுக்கும் ஓர் ஆணுக்கும் உள்ள உறவைக் காக்கிறது. அந்த உறவுக்கு வெளியே நிற்பவள் பட்டியலுக்கும் வெளியே நிற்கிறாள்.

இன்னொரு முரணும் இதில் இருக்கிறது. ஜப்தி செய்யக் கூடாத அதே தாலிச் சங்கிலியை அவளாகக் கொண்டுபோய் அடகு வைக்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் அடகுக் கடைகளிலும் வங்கிகளின் நகைக்கடன் வரிசையிலும் நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பொன்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு திரும்புவார்கள். அடகு வைத்ததை மீட்க முடியாமல் போனால், நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்றுக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 176ஆம் பிரிவில், அடகு பிடித்தவருக்கு உரிமை தருகிறது. அமீனா வந்து எடுத்தால் அக்கிரமம், ஏலத்தில் போனால் நடைமுறை. தாலி புனிதம் என்று சொல்லும் சமூகம்தான் தாலியின் எடையையும் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது.

நம் கதைகளுக்கும் இது தெரியும். அரிச்சந்திரன் கூத்தை மயான காண்டம் வரை விழித்திருந்து பார்த்தவர்கள் நம் வீட்டுப் பாட்டிகள். கடனுக்காக நாட்டைக் கொடுத்தவன், அது போதாமல் மனைவியையும் மகனையும் விற்கிறான், கடைசியில் தன்னையும் விற்கிறான். செத்துப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருகிறாள் சந்திரமதி. காவல் காக்கும் அவன், அவளை அடையாளம் தெரியாமல், எரிப்பதற்குக் கூலி கேட்கிறான். ஒன்றுமில்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது என்பதால் அவன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மேடையில் எல்லாரும் அழும் இடம் அதுதான். அந்த அழுகைக்கு நடுவே ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். சத்தியம் காப்பாற்றப்பட்டது, சரி. வாக்குக் கொடுத்தது அவன், விற்கப்பட்டது அவள். தாலியைத் தர வேண்டிய கட்டத்துக்கு முன்பே அவளே விலைக்குப் போய்விட்டாள். பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனார் ஒரு கோவணத்துக்கு ஈடுகட்ட வீட்டில் உள்ள பொருளையெல்லாம் தராசுத் தட்டில் வைக்கிறார். தட்டு இறங்கவில்லை. மனைவியும் மகனும் தாமுமாக ஏறுகிறார்கள், தட்டு நேராகிறது. பக்தியின் உச்சமாக அதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு மாணவியாவது கேட்டுவிடுகிறாள்: “அந்த அம்மாகிட்ட கேட்டாங்களா மேடம்?” கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

இன்றைய சட்டம் அந்த இடத்திலிருந்து வெகுதூரம் வந்திருக்கிறது. கணவன் வாங்கிய கடனுக்கு மனைவி என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் பொறுப்பாக மாட்டாள். கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலோ ஜாமீன் நின்றிருந்தாலோ அது வேறு. அவன் இறந்துபோனால், அவனிடமிருந்து வாரிசாக அவள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே கடன்காரர் கேட்க முடியும். ஒன்றும் வராதவளிடம் கேட்க ஒன்றுமில்லை. அவளுடைய நகையும் சீதனமும் முழுக்க அவளுக்கே உரியவை, கணவன் வீட்டார் வெறும் பாதுகாவலர்கள் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தந்தையின் கடனை மகன் தீர்த்தே ஆக வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டத்தின் புனிதக் கடமையைக்கூட 2005ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்குப் பிறகு வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை, நீக்கிவிட்டது.

தெருவில் நடப்பது என்ன? சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் நாலு பேர் வந்து உட்காருகிறார்கள். அவர் இவ்வளவு வாங்கியிருந்தார் என்கிறார்கள். சீட்டு இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று அவள் கேட்பதில்லை. புருஷன் பேரைக் கெடுக்கிறாள் என்ற சொல் வந்துவிடும் என்ற பயம். அவள் கம்மலை விற்றுக் கொடுக்கிறாள். சட்டம் அவளைத் தொட முடியாது என்று ஒதுங்கி நிற்க, மானம் என்ற இன்னொரு நீதிமன்றம் அவளிடம் வசூலித்துவிடுகிறது. அந்த நீதிமன்றத்தில் விலக்குப் பட்டியல் கிடையாது.

மானத்தை வசூலுக்குப் பயன்படுத்துவதில் அரசின் நீதிமன்றமும் முழுதாகக் கைகழுவியதில்லை. ஒரு வீட்டையோ நிலத்தையோ ஜப்தி செய்யும்போது அதைத் தண்டோரா போட்டோ ஊர் வழக்கப்படி வேறு விதமாகவோ அறிவிக்க வேண்டும் என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் ஆணை சொல்கிறது. யாரும் தெரியாமல் அந்தச் சொத்தை வாங்கிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் பறை அடித்துச் சொல்லப்படுவது வீட்டின் எல்லை மட்டுமா? பானையை விட்டுவைத்த சட்டம் பெயரை விட்டுவைக்கவில்லை.

அந்தத் தண்டோராவைத் தனியார் கையில் எடுத்துக்கொண்டதுதான் இன்றைய சிறுகடன் வசூல். ஈடு கேட்காமல் பெண்களுக்குக் கடன் கொடுக்கிறோம் என்பது அந்த நிறுவனங்களின் பெருமை. வீடும் நிலமும் நகையும் இல்லாத பெண்ணுக்கு வங்கி மேலாளரின் மேசை வரை போக வழியில்லாத நாட்டில் அது பெரிய விஷயம்தான். அந்தப் பணத்தில் கறவை மாடு வாங்கியவர்களையும் மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஈடு இல்லை என்பது சரியில்லை. பத்துப் பேரைக் குழுவாகச் சேர்த்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று வைக்கும்போது, அக்கம்பக்கத்து உறவு ஈடாகிவிடுகிறது. உப்பும் மிளகாயும் கைமாறிய வாசல்களுக்கு இடையே தவணைத் தேதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

என் வகுப்பில் படித்த ஒரு மாணவி செவ்வாய்க்கிழமைகளில் முதல் பாடவேளைக்கு வருவதில்லை. விசாரித்தபோது சொன்னாள். அம்மா விடிவதற்குள் கட்டட வேலைக்குப் போய்விடுவார்; குழுவில் போய் உட்கார்ந்து தவணை கட்டுவது அவள் பொறுப்பு. யாராவது ஒருவர் பணம் கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் எழுந்து போகக் கூடாது. வராதவர் வீட்டுக்கு எல்லாருமாகப் போய் வாசலில் நிற்க வேண்டும். “எங்க பெரியம்மா வீட்டு வாசல்லயே போய் நின்னிருக்கேன் மேடம். பெரியம்மா உள்ள இருந்தாங்க. வெளிய வரவே இல்ல. நானும் கூப்பிடல” என்றாள். அந்தக் கடனில் அந்தக் குடும்பத்திடமிருந்து பாத்திரமோ படுக்கையோ போகவில்லை. ஒரு பெரியம்மா போய்விட்டார். எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்ய உத்தரவிட முடியாத ஒன்று, எந்த உத்தரவும் இல்லாமலே போனது.

இதற்கும் விதிகள் இல்லாமல் இல்லை. 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நுண்கடன் நெறிமுறைகளை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 3,00,000 ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன்களுக்கான விதி அது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையாவது அந்த இடத்துக்கு வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ ஆள் வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. தகாத சொல் கூடாது. உறவினரையும் நண்பரையும் உடன் வேலை பார்ப்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியிடக் கூடாது. ஜப்திக்காகப் பொழுது சாய்ந்த பிறகும் பொழுது விடிவதற்கு முன்பும் ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று 1908ஆம் ஆண்டுச் சட்டமும் 62ஆம் பிரிவில் சொல்கிறது. நூறாண்டுக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு விதிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வாசல்படிக்கும் இரவுக்கும் ஒரு மரியாதை உண்டு.

தமிழ்நாட்டில் 2003-இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கில மூலத்திலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் தமிழாகவே இருக்கின்றன. அந்தக் கொடுமைகளைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் கிடைக்கவில்லை போலும். சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீயில் மாண்டது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கடன் வசூலில் நடக்கும் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவை போய்ச் சேர வேண்டிய வாசல்களுக்குக் கடன்காரர்கள் முன்னதாகவே போய்விடுகிறார்கள்.

பெண்ணைச் சிறையில் அடைக்கக் கூடாது என்ற 56ஆம் பிரிவின் கதையும் இப்படித்தான் ஆனது. தேதியும் தொகையும் எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அது பணமில்லாமல் திரும்பும்போது வழக்கு வேறு சட்டத்துக்குப் போய்விடுகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு; அதில் ஆண் பெண் பேதமில்லை. முன்வாசலில் மறித்ததைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டாயிற்று.

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் பார்க்காவிட்டால் நேர்மையில்லை. கடன் கொடுப்பவரெல்லாம் மீசை முறுக்கிய வட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டால் பேசுவது எளிது. தன் சேமிப்பைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வாங்க முடியாமல் தவிக்கும் பெண் இருக்கிறாள். ஏலச்சீட்டில் போட்டு ஏமாந்தவள் இருக்கிறாள். இவர்களை எல்லாம்விடப் பெரிய கடன்காரி ஒருத்தி இருக்கிறாள்: ஜீவனாம்சத் தீர்ப்பு வாங்கிய மனைவி.

அவள் விஷயத்தில் 60ஆம் பிரிவு சற்று நிமிர்ந்து நிற்கிறது. சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்வதானால் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 31,000 ரூபாய் சம்பளக்காரரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் கணக்கு தலைகீழ். மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. அதே சம்பளத்தில் 20,600 ரூபாய்க்கு மேல் பிடிக்கலாம். எல்லாக் கடனும் ஒரே எடை இல்லை, வங்கிக்குத் தருவதைவிடப் பெற்ற பிள்ளைக்கும் மணந்தவளுக்கும் தர வேண்டியது கனமானது என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் இடம் இது. அவளுக்கு இனி வரவிருக்கும் ஜீவனாம்சத்தை அவளுடைய கடன்காரர்கள் ஜப்தி செய்ய முடியாது என்பதையும் சேர்த்துப் படித்தால், பட்டியலை எழுதியவர்களுக்கு ஓரளவு மனசாட்சி இருந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் அவள் என்னத்தை எடுப்பாள்? தீர்ப்பு வந்த மறுமாதம் அவன் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். வீடு தம்பி பெயரில் இருக்கிறது, கார் அம்மா பெயரில். அவனிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையும் அவள் தலையில்தான். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை எவ்வளவு மறைக்கப்பட்டிருக்கும்! இரண்டாயிரம் ரூபாய் தவணைக்காக ஒரு பெண்ணின் வாசலில் பத்துப் பேரை நிறுத்தும் ஊர், ஜீவனாம்சப் பாக்கிக்காக ஓர் ஆணின் வாசலில் இரண்டு பேரைக்கூட நிறுத்தியதில்லை. நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவமானம் ஏன் ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்று கேட்கிறேன். கடனைக் கட்டாத பெண் ஒழுக்கம் கெட்டவள் ஆகிறாள். ஜீவனாம்சம் கட்டாத ஆண் குடும்பப் பிரச்சினையில் இருப்பவன் ஆகிறான்.

வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் இல்லை. கடன் என்பது நம்பிக்கை. ஒருவர் நாளையை நம்பி இன்னொருவர் இன்றைக்குத் தருவது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஏழைப் பெண்ணுக்கு எந்த வாசலும் திறக்காது. ஆனால் ஒரு மனிதர் கடன்படும்போது எதை ஈடாக வைக்கிறார்? தன் உழைப்பில் ஒரு பகுதியை, தன் பொருளில் ஒரு பகுதியை. தன்னையே வைப்பதில்லை. விதைநெல்லை எடுத்துக்கொண்டால் அடுத்த அறுவடை இல்லை, அடுத்த அறுவடை இல்லாவிட்டால் கடனும் அடையாது. இது உழவருக்குத் தெரியும், அதனால்தான் பட்டியலில் விதைநெல் இருக்கிறது. பெண்ணுக்கு எது விதைநெல் என்பதை மட்டும் யாரும் அவளிடம் கேட்டு எழுதவில்லை.

இன்றைக்குக் கேட்டால் என்னவெல்லாம் வரும்? வேலைக்குக் கூப்பிடும் அழைப்பு வருகிற கைபேசி. ரேஷன் அட்டையும் ஏடிஎம் அட்டையும். இவற்றை ஈடாக வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் வட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். தையல் இயந்திரம், கிரைண்டர், தள்ளுவண்டி. தாலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பவுன் பொன். மகளின் மதிப்பெண் சான்றிதழ், அவளுடைய முதல் பாடவேளை. இரவுத் தூக்கம். தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமை. பெரியம்மா. இவற்றில் பாதியை எந்த அமீனாவும் வண்டியில் ஏற்ற முடியாது. ஆனாலும் எடுக்கப்படுகின்றன. கையால் தொட முடியாததை எடுக்க முடியாது என்று சட்டம் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தது.

பட்டியல் மாறும் வரை இருக்கும் பட்டியலையாவது நாம் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் படிப்பவர்கள் மட்டும் படித்தால் போதாது. தமிழும் வரலாறும் கணக்கும் படிக்கிற மாணவிகள் தங்கள் அம்மாக்களுக்கு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஈடில்லாக் கடனுக்காக வீட்டிலிருந்து ஒரு டம்ளரைக்கூட எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. உத்தரவோடு வந்தாலும் அடுப்படிக்குள் கைவைக்க முடியாது. வாசலில் வந்து நிற்பவரிடம் கதவுக்குப் பின்னால் ஒளியாமல் வெளியே வந்து, “பணம் தர வேண்டியது உண்மைதான், தருவேன். இப்படி வந்து நிற்க உங்களிடம் என்ன உத்தரவு இருக்கிறது, காட்டுங்கள்” என்று ஒரு பெண் கேட்கலாம். அவள் பக்கத்தில் போய் நிற்பவர்களாக, குழுவில் உள்ள மற்ற ஒன்பது பேரும் இருக்கலாம்.